சோத்தெர்ன் வாங்குவதா, அதன் பங்காளியை வாங்குவதா?

வருஷக் கடைசி விருந்துக்குப் பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் நான்கு பேர். முதலில் ஃபுவா க்ரா என்ற வாத்து ஈரல், அப்புறம் ஓவனில் வாட்டிய முழுக்கோழி, அது முடிந்ததும் ரோக்ஃபோர் சீஸ், கடைசியில் இனிப்பு. இனிப்பு எது என்பதில்தான் வீடு இரண்டு கட்சியாகக் கிடந்தது. மனைவிக்கு ஆப்பிளைக் கவிழ்த்துச் செய்யும் தார்த் தாதான், பிள்ளைகளுக்கு விறகுக்கட்டை வடிவில் செய்யும் சாக்லேட் பூஷ் கேக். என் பொறுப்பு இனிப்பு ஒயின் வாங்குவது. கையில் 40 யூரோ. பாரிஸ் புறநகரில் எங்கள் தெருமுனைக் கடையில் இனிப்பு ஒயின்களுக்கென்று ஒரு தனி அலமாரி உண்டு. அதன் முன்னால் கால் மணி நேரம் நின்று போட்ட கணக்குதான் இது.

பிரான்ஸில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் சோத்தெர்ன். பெயர் பெரிது, விலையும் பெரிது. ஆனால் அதை எதோடு குடிப்பது என்று தெரியாமல் வாங்கினால் காசு வீண். தெரிந்துதான் சொல்கிறேன்: முதல் தடவை வாங்கியபோது அதை சாக்லேட் கேக்கோடு ஊற்றிக் கொடுத்து அசடு வழிந்தவன் நான். கடைக்காரர் மேல் தப்பில்லை. டெஸர்ட் ஒயின் என்றால் டெஸர்ட்டோடு குடிப்பது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். கேக்கை ஒரு கடி, ஒயினை ஒரு வாய். அவ்வளவு புகழ் பெற்ற ஒயின் எலுமிச்சை பிழிந்த வெந்நீர் மாதிரி தொண்டையில் இறங்கியது. உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் என் மச்சினன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “அத்தான், அல்வா தின்ன வாயில காபி குடிச்சா என்ன ஆகும்? சர்க்கரையே போடலையோன்னு தோணும்ல? அதான் இது.”

இனிப்பு ஒயின் வாங்கப் போகிறவருக்கு அது ஒன்று போதும். தட்டில் இருப்பது கோப்பையில் இருப்பதைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் தோற்றுவிடும். அலமாரியில் நிற்கும் பாட்டில்களுக்குள் எதை எடுப்பது என்பதை விலையோ பெயரோ முடிவு செய்வதில்லை. தட்டில் என்ன வரப்போகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

முதலில் சோத்தெர்ன். போர்தோ நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், கரோன் ஆற்றின் இடது கரைப் பக்கம் ஐந்து ஊர்கள்: சோத்தெர்ன், பர்சாக், பொம், ஃபார்க், ப்ரேஞாக். இந்த ஐந்து ஊர் ஒயினுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் போடலாம். சிரோன் என்றொரு சிற்றாறு, மரநிழலிலேயே ஓடி வருவதால் தண்ணீர் சில்லென்றிருக்கும். அது இங்கே வெதுவெதுப்பான கரோனில் வந்து விழுகிறது. இலையுதிர் காலத்தில் அந்த இடத்திலிருந்து விடியற்காலை மூடுபனி கிளம்பிக் கொடிகள்மேல் கவியும். மதியம் வெயில் வந்து அதை விரட்டும். காலை ஈரத்தில் பழத்தின்மேல் பொட்ரைட்டிஸ் என்ற பூசணம் பிடிக்கும். மதிய வெயில் அது அத்துமீறாமல் பார்த்துக்கொள்ளும். பூசணம் தோலைத் துளைத்துவிடுவதால் பழத்தின் நீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே சுண்டுகின்றன. பால் சுண்டித் திரட்டுப்பால் ஆகிற மாதிரி. வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் இதே பூசணம் பழத்தை வெறுமனே அழுக்கிவிட்டுப் போய்விடும். நல்லபடியாக அமைந்துவிட்டால் அதற்குப் பிரெஞ்சில் ‘மேன்மையான அழுகல்’ என்று பெயர். கெட்டும் மேன்மக்களாகவே இருக்கிற பழம்!

அறுவடை சமயத்தில் ஒரு குலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விலையின் ரகசியம் புரிந்துவிடும். ஒரு பழம் இன்னும் பொன்னிறமாக, முழுசாக இருக்கும். ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த பழம் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் மெத்தென்று இருக்கும். அதற்கும் அடுத்தது உலர்திராட்சை போலச் சுருங்கி, மேலே சாம்பல் தூவினாற்போல் இருக்கும். பறிப்பவர் எடுப்பது அந்த மூன்றாவதை மட்டும். சுருங்கிய அந்த நிலைக்கு அங்கே ‘ரோத்தி’ என்று பெயர், வாட்டியது என்று பொருள். மற்றவற்றைக் கொடியிலேயே விட்டுவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி வருவார்கள். ஒரே தோட்டத்தை ஐந்தாறு முறை சுற்றுவதும் உண்டு. நடுவில் மழை வந்தால் மிச்சம் இருந்தது போச்சு.

சட்டப்படி ஹெக்டேருக்கு 25 ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 2,500 லிட்டருக்கு, மேல் எடுக்கக் கூடாது. ஷத்தோ என்றால் ஒயின் பண்ணை. அவற்றில் பேர்போன ஷத்தோ திக்கெமில், சுருக்கமாக இக்கெமில், அதில் பாதிகூடத் தேறாது. ஒரு கொடிக்கு ஒரு கோப்பை என்பது அங்கே சொல்லும் கணக்கு. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, வெள்ளை ஒயினில் இந்த வட்டாரத்து இனிப்பு ஒயின்களுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். அதிலும் இக்கெமுக்கு எல்லோருக்கும் மேலே ஒரு தனி நாற்காலி. பழம் சரியாக அமையாத 1972, 1974, 1992, 2012 போன்ற வருஷங்களுக்கு இக்கெம் என்ற பெயரில் இந்த ஒயின் வரவே இல்லை. 1811-ஆம் வருஷத்து இக்கெம் பாட்டில் ஒன்று 2011-இல் 75,000 பவுண்டுக்குப் போனது. என் 40 யூரோவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

சுவை எப்படி? லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை சர்க்கரை. ஒரு கோலா பானத்தில் ஏறக்குறைய 106 கிராம்தான். ஆனால் கோலா மாதிரி வாயில் பிசுபிசுக்காது, ஏனென்றால் கூடவே புளிப்பும் உள்ளே சுண்டியிருக்கிறது. இளசாக இருக்கும்போது ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன். பதினைந்து இருபது வருஷம் ஆனால் பொன்னிறம் மாறி நாட்டுச் சர்க்கரைப் பாகு நிறத்துக்கு வந்துவிடும், வாசனையும் மாறும். பழைய சோத்தெர்னில் சோட்டொலோன் என்ற வாசனைப் பொருள் உண்டு. வெந்தயத்துக்கு அதன் வாசனையைக் கொடுப்பதும் அதேதான். மச்சினன் வேலை இடத்தில் ஒருமுறை பழைய பாட்டில் ஒன்றைத் திறந்தபோது, சுற்றி நின்ற பிரெஞ்சுக்காரர்கள் ‘ஏதோ மசாலா’ என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். இவனுக்கு மட்டும் வெறும் சட்டியில் வெந்தயம் வறுத்து இறக்கிய நொடி.

சரி, எதோடு குடிப்பது? பழைய பழக்கம் ஃபுவா க்ரா. கொழுத்த வாத்தின் ஈரல், வெண்ணெய் போல நாக்கில் பரவும். ஒயினின் புளிப்பு அந்தக் கொழுப்பை வழித்துக்கொண்டு போகும். ஜோடி நல்ல ஜோடிதான், எனக்கு அதில் ஒரு மனக்குறை. விருந்தின் தொடக்கத்திலேயே இனிப்பைக் கொடுத்துவிட்டால், அடுத்து வரும் இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். கோழிக்கென்று நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒயின் அங்கேயே அடிவாங்கும். அதனால் ஃபுவா க்ராவோடு ஊற்றுவதானால் இரண்டு வாய்க்கு மேல் ஊற்றாதீர்கள், நடுவில் ரொட்டியும் தண்ணீரும் கொடுங்கள்.

சோத்தெர்னுக்கு உண்மையான ஜோடி ரோக்ஃபோர் என்பது என் கட்சி. செம்மறியாட்டுப் பாலில் செய்து, ரோக்ஃபோர்-சூர்-சூல்ஸோன் ஊரின் கொம்பாலு மலைக் குகைகளில் பழுக்கவைக்கும் நீலப் பூசணச் சீஸ். வெறும் வாயில் போட்டால் உப்பு சுள்ளென்று ஏறும். வால்நட் ரொட்டித் துண்டின்மேல் கொஞ்சம் தடவி, மென்றுகொண்டிருக்கும்போதே ஒரு வாய் சோத்தெர்ன் எடுத்துக்கொண்டால் உப்பு அடங்கும், இனிப்பும் அடங்கும், இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு சுவை தலைகாட்டும். கொய்யாவை உப்புத் தொட்டுத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூசணம் பிடித்த பழத்தின் சாறும் பூசணம் பிடித்த சீஸும் இப்படிச் சேரும் என்று முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, நல்ல துணிச்சல்காரர்.

வாட்டிய கோழியும் சேரும். சோத்தெர்ன் ஊர்க்காரர்களே விருந்தாளிக்கு இதைத்தான் வைக்கிறார்கள் என்று கேட்டபோது நான் நம்பவில்லை. மொறுமொறுத்த தோல், உப்பு, கொழுப்பு என்று யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. இனிப்பு வகையில் சர்க்கரை குறைவான ஆப்ரிகாட் தார்த், ஆப்பிள் தார்த் வரை போகலாம். க்ரெம் ப்ருலே பொருந்தும் என்று பலர் சொல்வார்கள். மேலே கருகிய சர்க்கரை பொருந்துகிறது, கீழே இருக்கும் பாலாடை எனக்குத் திகட்டுகிறது. சாக்லேட் வேண்டாம். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அந்த ஐந்து ஊர்களுக்குள்ளேயே பர்சாக் கொஞ்சம் தனி ஆள். சிவந்த மணலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை உள்ள நிலம். அதனால்தானோ என்னவோ, ஒயின் அவ்வளவு கனமில்லாமல், புளிப்பு சற்று நிமிர்ந்து நிற்கும். அந்த ஊர்க்காரர் லேபிளில் பர்சாக் என்றும் போடலாம், சோத்தெர்ன் என்றும் போடலாம், அவர் இஷ்டம். ஷத்தோ க்ளிமான்ஸ், ஷத்தோ கூத்தே இரண்டும் இங்கேதான். க்ளிமான்ஸ் செமியோன் திராட்சையை மட்டும் வைத்தே செய்வது. சோத்தெர்ன் அதிக இனிப்பு என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் பர்சாக்கைத்தான் ஊற்றிக் கொடுப்பேன்.

ஆற்றின் மறுகரையில் லூப்பியாக், சேன்ட்-க்ருவா-து-மோன், கடியாக் என்று மூன்று பக்கத்து வீட்டுக்காரர்கள். அதே திராட்சைகள், அதே பூசணம், விலை மட்டும் பாதிக்குக் கிட்டே. சேன்ட்-க்ருவா-து-மோன் ஊருக்கு அடியில் கல்லாகிப்போன சிப்பிகள் படுகை படுகையாக இருக்கின்றன. ஒயின் சோத்தெர்ன் அளவுக்கு வாயில் நீடிக்காது. வாரநாளுக்கு இது போதும்.

பங்காளிகளில் மூத்தவர் மோன்பஸியாக். பெர்ஜெராக் நகருக்குத் தெற்கே, டோர்டோன் ஆற்றைப் பார்த்தபடி வடக்கு நோக்கிச் சரியும் மேட்டில் விளைவது. இங்கேயும் செமியோன், சோவிஞோன், முஸ்கதெல் என்று சோத்தெர்னில் போடும் அதே மூன்று திராட்சைகள், அதே பூசணம், இயந்திரம் வைத்துப் பறிக்கக் கூடாது என்ற சட்டம்கூட உண்டு. எங்கள் கடையில் சோத்தெர்ன் முழுப் பாட்டில் 30 யூரோவைத் தொடும்போது மோன்பஸியாக் 14-க்கு நிற்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் தெரியும்: மோன்பஸியாக்கில் தேன் அதிகம், புளிப்பின் முதுகெலும்பு குறைவு, விழுங்கியதும் மறந்துபோகும். ஆனால் வாயில் ஃபுவா க்ரா இருக்கும்போது அந்த வித்தியாசத்தை எட்டுப் பேரில் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்? ஃபுவா க்ராவுக்காக மட்டும் சோத்தெர்ன் வாங்குவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிற கதை.

எனக்கு நிஜமான போட்டியாகத் தோன்றுவது ஜுரான்சோன். பிரனீஸ் மலையடியில், போ நகரை ஒட்டிய மேடுகளில் விளைவது. பூசணத்துக்கு இங்கே வேலை இல்லை. பெத்தி மான்சான் என்ற சின்னப் பழம், தடித்த தோல். அக்டோபர் கடந்து நவம்பர், சில வருஷம் டிசம்பர் வரைகூடக் கொடியிலேயே தொங்கவிட்டு, தெற்கிலிருந்து மலை தாண்டி வரும் வெதுவெதுப்பான காற்றில் காயவைப்பார்கள். வத்தல் போடுகிற வேலைதான், வெயிலுக்குப் பதில் காற்று. சர்க்கரை ஏறினாலும் பெத்தி மான்சானின் புளிப்பு இறங்குவதில்லை. அன்னாசி, மாம்பழம், கூடவே எலுமிச்சைத் தோலின் கசப்பு ஒரு துளி. போ கோட்டையில் 1553-இல் பிறந்து பின்னால் பிரான்ஸின் அரசரான நாலாம் ஹென்றிக்கு ஞானஸ்நானத்தின்போது உதட்டில் பூண்டைத் தேய்த்து ஜுரான்சோன் ஒயினைத் தடவினார்கள் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். நமக்குச் சேனை வைக்கிற மாதிரி; பூண்டு மட்டும் அவர்கள் சேர்த்தது.

தார்த் தாதானுக்கு இதுதான் சரி என்பது என் தீர்ப்பு. அதில் ஆப்பிளும் வெண்ணெயும் கருகின சர்க்கரையும் ஏற்கெனவே கனமாகத்தான் இருக்கும். அதன்மேல் சோத்தெர்னின் தேனையும் ஊற்றினால் இரண்டாவது துண்டுக்குக் கை போகாது. ஜுரான்சோனின் புளிப்பு வாயைக் கழுவிவிடும். ஃபுவா க்ராவோடும் இது நன்றாகவே போகும், அடுத்து வரும் ஒயினையும் அவ்வளவாகக் கெடுக்காது. ரோக்ஃபோருக்கு எதிரில் மட்டும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறது.

அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பவை வேறு சாதி. திராட்சைச் சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிட் ஊற்றி நிறுத்திவிடுவார்கள். ஈஸ்ட் வேலையை விட்டுவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும், ஆல்கஹால் 15 சதவீதத்துக்கு ஏறும். ரோன் பள்ளத்தாக்கின் தெற்கில் செய்யும் முஸ்கா த போம் த வெனீஸ் இப்படிப்பட்டது. மல்லிகையும் பன்னீர் திராட்சையும் கலந்த வாசனை. ஜூலை மாதம், கவாயோன் பக்கத்து முலாம்பழம், கூட ஜில்லென்று இந்த முஸ்கா என்றால் பேச்சே இல்லை. டிசம்பர் இரவுக்கு அது ஆளில்லாத கடற்கரை மாதிரி. இளசாகவே குடித்துவிட வேண்டும், வைத்திருந்து லாபமில்லை.

இந்தத் தட்டில் சாக்லேட்டுக்கு மல்லுக்கட்டக்கூடியது பன்யூல்ஸ் ஒன்றுதான். ஸ்பெயின் எல்லையோரம், மத்தியதரைக் கடலுக்குள் சரியும் கற்பலகை மலையில் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிய தோட்டங்கள், கிரெனாஷ் என்ற கறுப்புத் திராட்சை. சிவப்பு ஒயினுக்கு உரிய துவர்ப்பு இதில் இருப்பதால் சாக்லேட்டின் கசப்பைப் பார்த்துப் பின்வாங்காது. மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்தவற்றில் காபி, அத்திப்பழம், கோகோ வாசனையே வந்துவிடும். பூஷ்தான் கடைசி இனிப்பு என்று முடிவானால் சோத்தெர்ன் அலமாரியைப் பார்க்காமல் நேரே இதற்குக் குனியுங்கள்.

லுவார் ஆற்றுப் பக்கத்து ஷெனின் திராட்சை ஒயின்களும் உண்டு: கோத்தோ து லெயோன், கார் த ஷோம். அன்று எங்கள் கடையில் இல்லாததால் அதைப் பற்றி நீட்டவில்லை.

லேபிளில் இரண்டு கண்ணி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ‘ஜுரான்சோன்’ என்றால் இனிப்பு; ‘ஜுரான்சோன் செக்’ என்றால் இனிப்பே இல்லாதது. சோத்தெர்ன் ஊர் ஷத்தோக்கள் சில, இனிப்பில்லாத வெள்ளை ஒயினுக்கு ஒற்றை எழுத்தில் பெயர் வைத்து விற்கின்றன. இக்கெமுக்கு ‘ஒய்’, கிரோவுக்கு ‘ஜி’, ரியூஸெக்குக்கு ‘ஆர்’. ஷத்தோ பெயரை மட்டும் பார்த்து எடுத்துவந்தால் ரோக்ஃபோர் மேஜையில் விழிக்க வேண்டியிருக்கும்.

நம் ஆட்கள் எப்படியும் கேட்பார்கள்: பிரியாணிக்கு? இனிப்பு காரத்தைத் தணிக்கும் என்பது உண்மை, ஆனால் 14 சதவீத ஆல்கஹால் அதே காரத்தைக் கிளறியும் விடும். மிளகு தூக்கலான கோழி வறுவலோடு ஒரு தடவை பார்த்தேன், கோழி ஜெயித்தது. குலாப் ஜாமூன் பக்கமே போக வேண்டாம், அது அல்வா கதைதான்.

இனி அளவுக் கணக்கு. இனிப்பு ஒயினை ஒருவர் ஒரு தடவைக்கு 60 மில்லிக்கு மேல் குடிப்பதில்லை. எட்டுப் பேருக்கு 480. முழுப் பாட்டில் 750 மில்லி, அரைப் பாட்டில் 375. ஃபுவா க்ரா, ரோக்ஃபோர், இனிப்பு என்று மூன்று இடத்திலும் சோத்தெர்னையே ஊற்ற வேண்டுமானால் இரண்டு முழுப் பாட்டில், 60 யூரோ. சாக்லேட்டுக்கு பன்யூல்ஸும் எடுத்தால் இன்னும் 18. இந்த இடத்தில்தான், கால் மணி நேரம் கழித்து, எனக்கு உறைத்தது: பூஷ் கேட்டது பிள்ளைகள். பிள்ளைகளுக்கு ஒயின் கிடையாது. அப்புறம் எதற்கு சாக்லேட்டுக்கு ஜோடி தேடுகிறேன்? தார்த் தாதான் பெரியவர்களுக்கு, பூஷ் பிள்ளைகளுக்கு. பன்யூல்ஸைத் திரும்பக் கீழ்த்தட்டிலேயே வைத்தேன்.

வாங்கியது: ஃபுவா க்ராவுக்கும் தார்த் தாதானுக்கும் சேர்த்து ஒரு முழுப் பாட்டில் ஜுரான்சோன், 19 யூரோ. ரோக்ஃபோருக்கு மட்டும் பர்சாக் அரைப் பாட்டில், 20. ஃபுவா க்ராவோடு ஆளுக்கு ஒரு விரற்கடை மட்டும் ஊற்றி, மிச்சத்தைத் தார்த்துக்கு வைத்தேன். இரண்டையும் காலையிலேயே பிரிட்ஜில் போட்டு, பரிமாறப் பத்து நிமிஷம் முன் வெளியே எடுத்தேன். 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், பனிக்கட்டி மாதிரி இருந்தால் வாசனை வராது.

ரோக்ஃபோர் மேஜைக்கு வந்ததும் அதன் வாசனைக்கே இரண்டு பேர் பால்கனிப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அவர்கள் பங்கு பர்சாக் பாட்டிலிலேயே தங்கியது. தக்கையைத் திருப்பி அடைத்து பிரிட்ஜ் கதவில் வைத்தேன். இந்த மாதிரி ஒயின் ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அது அடுத்த நாள் மதியத்தைத் தாண்டவில்லை. வீடு தூங்கிக்கொண்டிருக்க, பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, நேற்றைய கோழியின் குளிர்ந்த தொடைத் துண்டு ஒரு கையில், காபி டம்ளரில் பர்சாக் இன்னொரு கையில். மச்சினன் எழுந்து வந்து பார்த்துவிட்டு இன்னொரு டம்ளரை எடுத்து நீட்டினான்.